கருத்தடை மாத்திரையும் புற்றுநோய் பயமும்

(நமது சங்கத்தின் நாக்பூர் கிளையில் நடந்த காலாண்டுக் கூட்டத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இன்று நான் பேசப்போகும் தலைப்பைச் செயலாளரிடம் சொன்னபோது அவர் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தார். பிறகு, "மாமா, பெரியவாள்ளாம் வந்து உட்கார்ந்திருப்பா. ஸஹஸ்ரநாம பாராயணம் முடிஞ்ச கையோட இதைப் பேசணுமா?" என்று கேட்டார். "பெரியவாள் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் பேசுகிறேன்" என்று பதில் சொன்னேன். அவர் பெருந்தன்மையுடன் அனுமதி கொடுத்தார். அவருக்கு என் நன்றி.

நான் டாக்டர் இல்லை. 1970-ல் திருச்சியில் வேதியியலில் பி.எஸ்ஸி. பட்டம் வாங்கி, மத்திய அரசின் தணிக்கைத் துறையில் சேர்ந்து, முப்பத்தெட்டு வருஷம் அடுத்தவர்களின் கணக்கில் குற்றம் கண்டுபிடித்துவிட்டு, 2010-ல் ஓய்வு பெற்றவன். இப்போது வயது எழுபத்தைந்து. இந்த விஷயத்தில் எனக்கு இருக்கும் ஒரே தகுதி, நான் ஒரு தவறு செய்தேன் என்பதுதான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். சம்பந்தப்பட்ட குழந்தையிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் சொல்கிறேன்.

வீட்டில் நடந்தது

என் மகன் வயிற்றுப் பேத்தி அப்போது புனேயில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். வயது பத்தொன்பது. அவளுக்கு மாதவிலக்கு ஒழுங்காக வராது. இரண்டு மூன்று மாதம் ஒன்றுமே இருக்காது. வந்தால் பதினைந்து நாள், இருபது நாள் என்று நிற்காமல் போகும். புனேயில் ஒரு லேடி டாக்டர் ஸ்கேன் எடுத்து, ரத்தப் பரிசோதனை செய்து, பிளட் பிரஷர் பார்த்து, குடும்பத்தில் யாருக்கு என்ன வியாதி என்றெல்லாம் விசாரித்து, பி.சி.ஓ.எஸ். என்று சொன்னார். சினைப்பையில் நீர்க்கட்டி என்று நம் வீடுகளில் சொல்கிறோமே, அதுதான். மாதாமாதம் சாப்பிட ஒரு மாத்திரையும், இரும்புச்சத்து மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். நாலு மாதத்தில் குழந்தை தேறிவிட்டாள்.

தீபாவளிக்கு ஊருக்கு வந்தாள். அலமாரியில் அவள் வைத்திருந்த மாத்திரை அட்டை என் கண்ணில் பட்டது. கருத்தடை மாத்திரை. கல்யாணமாகாத பெண்ணின் பையில் அது இருந்ததைப் பார்த்ததும் என் மனம் முதலில் எங்கே போயிற்று என்று சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. மாட்டுப்பெண் விஷயத்தைச் சொன்ன பிறகு அந்தச் சந்தேகம் போயிற்று. ஆனால் அடுத்த சந்தேகம் வந்தது. பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு மாத்திரையோடு வந்த காகிதத்தைப் படித்தேன். அதில் "மார்பகப் புற்றுநோய்" என்ற வார்த்தை இருந்தது. கம்ப்யூட்டரில் தேடினேன். "24 சதவீதம் கூடுதல் அபாயம்" என்று ஒரு வரி கிடைத்தது. என் அக்கா 1998-ல் மார்பகப் புற்றுநோயில் போனவள். கடைசி மூன்று மாதம் நான் பக்கத்தில் இருந்து பார்த்தவன்.

பேத்தியைக் கூப்பிட்டேன். "நம் குடும்பத்தில் இந்த வியாதி உண்டு. இதை இன்றோடு நிறுத்து. கெமிஸ்ட்ரி படித்தவன் சொல்கிறேன்" என்றேன். அவள் எதிர்த்துப் பேசவில்லை. நிறுத்திவிட்டாள்.

சங்கராந்தி முடிந்து நாலாம் நாள் ஹாஸ்டலிலிருந்து போன் வந்தது. பதினெட்டு நாளாக ரத்தப்போக்கு, குளியலறையில் மயங்கி விழுந்துவிட்டாள், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்றார்கள். நானும் மகனும் ஓடினோம். ஹீமோகுளோபின் 6.2. இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றினார்கள்.

அந்த லேடி டாக்டர் வந்து, "மாத்திரையை யார் நிறுத்தச் சொன்னது?" என்று கேட்டார். பேத்தி என்னைப் பார்க்கவே இல்லை. "நானேதான் விட்டுட்டேன் டாக்டர். மறந்து போயிட்டேன்" என்றாள்.

கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். எனக்காக அந்தக் குழந்தை பொய் சொன்னது. "டாக்டர், நிறுத்தச் சொன்னது நான்" என்றேன். காரணத்தையும் சொன்னேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "24 சதவீதம் என்றீர்களே, எந்தத் தொகையில் 24 சதவீதம்?" என்று ஹிந்தியில் கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. முப்பத்தெட்டு வருஷம் நான் மற்றவர்களைக் கேட்ட கேள்வி அது. "செலவு 24 சதவீதம் அதிகம்" என்று எந்த அதிகாரியாவது எழுதினால், அடிப்படைத் தொகை எங்கே என்று கேட்டு ஃபைலைத் திருப்பி அனுப்பியவன் நான். என் வீட்டுக் குழந்தை விஷயத்தில் அந்தக் கேள்வியைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

ஊர் திரும்பியதும் இந்த விஷயத்தை ஒரு தணிக்கையாக எடுத்துக்கொண்டு படித்தேன். கண்டதைச் சொல்கிறேன்.

மாத்திரையின் கதை

கர்ப்பமாக இருக்கும்போது பெண்ணின் உடலில் சுரக்கும் ஹார்மோன்கள் அடுத்த கருமுட்டை வெளிவராமல் தடுக்கின்றன. அந்த வேலையை வாயால் சாப்பிடும் மாத்திரையால் செய்ய முடியுமா என்று பார்த்தார்கள். 1951-ல் மெக்சிகோவில் சின்டெக்ஸ் என்ற கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில், காட்டுக் கிழங்கிலிருந்து எடுத்த பொருளை ஆதாரமாக வைத்து நோரெத்திஸ்டிரோன் என்ற ஹார்மோனைச் செய்தார்கள். அமெரிக்காவில் கிரிகோரி பின்கஸ், ஜான் ராக் ஆகியோர் இதே வகை ஹார்மோனைக் கொண்டு 1956-ல் போர்ட்டோ ரிக்கோவில் பெண்களிடம் பெரிய அளவில் சோதனை நடத்தினார்கள். 1960-ல் எனோவிட் என்ற மாத்திரைக்குக் கருத்தடைக்காக அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது.

அந்த முதல் மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் வகை ஹார்மோன் 150 மைக்ரோகிராம் இருந்தது. புரோஜெஸ்டோஜன் வகை ஹார்மோன் 10 மில்லிகிராமுக்குச் சற்றே குறைவு. இன்று நம் அரசு இலவசமாகக் கொடுக்கும் மாலா-என் மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் 30 மைக்ரோகிராம், புரோஜெஸ்டோஜன் 0.15 மில்லிகிராம். அட்டையில் 28 மாத்திரை. அதில் 21 ஹார்மோன், மீதி 7 வெறும் இரும்புச்சத்து. பெயர்கள் வேறு வேறானாலும் கடையில் விற்கும் பலவற்றிலும் அளவு இதையொட்டியே இருக்கும்.

அறுபதுகளில் பெண்கள் பட்ட அவஸ்தையைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அன்றைய மாத்திரை வேறு, இன்றைய மாத்திரை வேறு. அதற்காக அளவு குறைந்துவிட்டதால் அபாயமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஆகவே கணக்குக்கு வருவோம்.

முதல் கேள்வி: எந்தத் தொகையில்?

நான் பார்த்த 24 சதவீதம் பொய் இல்லை. 1996-ல் "லான்செட்" மருத்துவ இதழில் வந்தது. 25 நாடுகளில் நடந்த 54 ஆய்வுகளை ஒன்று சேர்த்து, மார்பகப் புற்றுநோய் கண்ட 53,297 பெண்களையும், நோய் இல்லாத 1,00,239 பெண்களையும் ஒப்பிட்டார்கள். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கும் பெண்களுக்கு அபாயம் 24 சதவீதம் கூடுதல் என்று கண்டார்கள்.

அதே கட்டுரையில் தலைக்கணக்கும் இருக்கிறது. அதைத்தான் நான் படிக்கவில்லை. மேல்நாட்டுக் கணக்குப்படி, 10,000 பெண்கள் 20 வயது முதல் 24 வயது வரை மாத்திரை சாப்பிட்டால், நிறுத்திப் பத்து வருஷம் ஆகும் வரையில் அவர்களிடையே கூடுதலாக வரும் மார்பகப் புற்றுநோய் 1.5. அதாவது பத்தாயிரத்தில் ஒன்றரைப் பேர். 25 முதல் 29 வயது வரை சாப்பிட்டவர்களில் பத்தாயிரத்துக்கு 4.7 பேர். இருபதுகளில் இந்த நோய் மிகவும் அபூர்வம். அபூர்வமான ஒன்றில் 24 சதவீதம் கூடினாலும் அபூர்வம்தான். வயது ஏற ஏற அடிப்படைத் தொகை ஏறும், அதன் மேல் வரும் சதவீதமும் கனக்கும். ஆகவே இருபது வயதுப் பெண்ணுக்கும் நாற்பத்தைந்து வயதுப் பெண்ணுக்கும் ஒரே பதிலைச் சொல்லக்கூடாது.

"அது பழைய ஆய்வு, புது மாத்திரைகள் எப்படி?" என்று நீங்கள் கேட்கலாம். டென்மார்க் நாட்டில் 18 லட்சம் பெண்களைச் சராசரி 11 வருஷம் கவனித்து 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். அதிலும் 20 சதவீதம் கூடுதல் என்றே வந்தது. அபாயம் முற்றிலும் போய்விடவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தலைக்கணக்கில் சொன்னால், 7,690 பெண்கள் ஒரு வருஷம் ஹார்மோன் கருத்தடை முறைகளைப் பயன்படுத்தினால் ஒருவருக்குக் கூடுதலாக மார்பகப் புற்றுநோய்.

இரண்டாவது கேள்வி: எவ்வளவு காலம்?

1996 ஆய்வின்படி, நிறுத்திய முதல் நாலு வருஷத்தில் கூடுதல் அபாயம் 16 சதவீதமாகக் குறைகிறது. ஐந்து முதல் ஒன்பது வருஷத்தில் 7 சதவீதம். பத்து வருஷத்துக்குப் பிறகு, சாப்பிட்டவர்களுக்கும் சாப்பிடாதவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. டென்மார்க் ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. ஒரு வருஷத்துக்கும் குறைவாகச் சாப்பிட்டவர்களுக்குக் கூடுதல் 9 சதவீதம், பத்து வருஷத்துக்கு மேல் சாப்பிட்டவர்களுக்கு 38 சதவீதம். எத்தனை வருஷம் என்பது முக்கியம். ஆகையால் வருஷத்துக்கு ஒரு முறையாவது டாக்டரிடம் போய், இன்னும் தேவையா என்று கேட்பது நல்லது.

மூன்றாவது கேள்வி: வரவுப் பக்கம் எங்கே?

செலவை மட்டும் பார்த்துக் கணக்கை மூடுகிறவன் நல்ல தணிக்கையாளன் இல்லை. இந்த மாத்திரை இரண்டு புற்றுநோய்களைக் குறைக்கிறது. இது நம்மில் பலருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

ஒன்று, சினைப்பைப் புற்றுநோய். 45 ஆய்வுகளைச் சேர்த்து 2008-ல் வந்த முடிவு இது: ஐந்து வருஷம் மாத்திரை சாப்பிட்டால் அபாயம் சுமார் 20 சதவீதம் குறைகிறது. பதினைந்து வருஷத்தில் பாதியாகிறது. நிறுத்தி முப்பது வருஷம் ஆன பிறகும் பலன் ஓரளவு தங்குகிறது. மேல்நாட்டுத் தலைக்கணக்குப்படி, பத்து வருஷம் சாப்பிட்டால் 75 வயதுக்குள் இந்த நோய் வருவோர் ஆயிரத்துக்கு 12 என்பது 8 ஆகிறது. சினைப்பைப் புற்றுநோய் கடைசிக் கட்டம் வரை வெளியே தெரியாத நோய். அதனால் இந்த நாலு பேர் பெரிய தொகை.

இரண்டாவது, கருப்பையின் உட்சுவரில் வரும் புற்றுநோய். 2015-ல் 36 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். பத்து வருஷம் சாப்பிட்டால் ஆயிரத்துக்கு 23 என்பது 13 ஆகிறது.

காரணம் புரிந்துகொள்ளக் கடினமானது இல்லை. மாதம் ஒரு முறை கருமுட்டை வெளிவரும்போது சினைப்பையின் மேல் சின்னக் காயம் ஏற்பட்டு ஆறுகிறது. ஆறும்போது செல்கள் பெருகுகின்றன. பெருகும்போது பிழை நேர வாய்ப்பு உண்டு. என் பாட்டிக்குப் பதினோரு பிரசவம். கர்ப்பமும் தாய்ப்பாலுமாகவே இருபது வருஷம் ஓடிற்று. அவளுக்கு மாதவிலக்கு வந்த மாதங்களை எண்ணிவிடலாம். இன்றைய பெண்ணுக்கு ஒன்று அல்லது இரண்டு குழந்தைதான், மற்ற மாதமெல்லாம் கருமுட்டை வருகிறது. மாத்திரை அதை நிறுத்தி வைக்கிறது.

என் பேத்தியின் வியாதியில் இதற்கு இன்னொரு அர்த்தம் உண்டு. பி.சி.ஓ.எஸ். உள்ள பெண்ணுக்கு மாதக்கணக்கில் விலக்கு வராமல் இருக்கும்போது, தடுக்க ஆளில்லாமல் ஈஸ்ட்ரோஜன் கருப்பையின் உட்சுவரைத் தடிக்க வைத்துக்கொண்டே போகிறது. பிற்காலத்தில் அங்கே புற்றுநோய் வருவதற்கு அது ஒரு காரணம். மாத்திரையில் உள்ள புரோஜெஸ்டோஜன் அந்தச் சுவரை மெலிதாக வைக்கிறது. புற்றுநோய்க்குப் பயந்து நான் நிறுத்தச் சொன்ன மாத்திரை, அவளை ஒரு புற்றுநோயிலிருந்து காத்துக்கொண்டிருந்தது.

செலவுப் பக்கத்தில் இன்னொரு பதிவும் உண்டு. அதையும் மறைக்கக்கூடாது. ஐந்து வருஷத்துக்கு மேல் சாப்பிடுகிறவர்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் அபாயம் ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று 2007-ல் வந்த ஆய்வு சொல்கிறது. தலைக்கணக்கு: வளரும் நாடுகளில் 20 வயது முதல் 30 வயது வரை சாப்பிட்டால், 50 வயதுக்குள் ஆயிரம் பேரில் 7.3 என்பது 8.3 ஆகும். நிறுத்திப் பத்து வருஷத்தில் இதுவும் சமமாகிவிடுகிறது. இந்த நோய்க்கு மூலகாரணம் எச்.பி.வி. என்ற வைரஸ். அதைக் கண்டுபிடித்த ஹரால்ட் சுர் ஹௌசனுக்கு 2008-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். நம் நாட்டில் 2022-ல் மட்டும் சுமார் 1 லட்சத்து 27 ஆயிரம் பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் வந்தது, சுமார் 80 ஆயிரம் பேர் இறந்தார்கள் என்பது சர்வதேச மதிப்பீடு. இதற்குத் தடுப்பூசி இருக்கிறது. புனேயின் சீரம் இன்ஸ்டிடியூட் தயாரித்த செர்வாவேக் தடுப்பூசிக்கு 2022-ல் அனுமதி கிடைத்தது. முப்பது வயதுக்கு மேல் கருப்பை வாய்ப் பரிசோதனையும் செய்துகொள்ளலாம். மாத்திரையைப் பற்றிக் கவலைப்படுகிற தாத்தா பாட்டிகள், ஒன்பது முதல் பதினாலு வயதுக்குள் இருக்கும் பேத்திகளுக்குத் தடுப்பூசி போட்டாயிற்றா என்று கவலைப்பட்டால் புண்ணியமாகப் போகும்.

இரண்டு பக்கத்தையும் கூட்டிப் பார்த்தவர்களும் உண்டு. இங்கிலாந்தில் குடும்ப டாக்டர்களின் அமைப்பு 1968-ல் தொடங்கி சுமார் 46,000 பெண்களைக் கவனித்து வந்தது. 44 வருஷம் வரை தொடர்ந்து பார்த்து 2017-ல் சொன்ன முடிவு இது: மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு மொத்தத்தில் புற்றுநோய் கூடவில்லை.

"உலக சுகாதார நிறுவனமே இதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று முதல் பட்டியலில் சேர்த்திருக்கிறதே" என்று ஒரு நண்பர் கேட்டார். உண்மைதான். அதன் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2005-ல் கூடி, ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டோஜனும் சேர்ந்த மாத்திரையை முதல் பிரிவில் வைத்தது. மார்பகம், கருப்பை வாய், கல்லீரல் ஆகிய மூன்றையும் குறிப்பிட்டது. சினைப்பையிலும் கருப்பை உட்சுவரிலும் குறைக்கிறது என்று அதே அறிக்கையில் சொல்லியும் இருக்கிறது. அந்தப் பட்டியல், புற்றுநோய் உண்டாகிறது என்பதற்கான சாட்சியம் எவ்வளவு பலமாக இருக்கிறது என்பதைச் சொல்லும். எத்தனை பேருக்கு வரும் என்பதைச் சொல்லாது. வெயிலும் அதில் இருக்கிறது, புகையிலையும் இருக்கிறது. நம் கல்யாணத் தாம்பூலப் பையில் வைக்கும் பாக்கும் அதே முதல் பிரிவில்தான் இருக்கிறது. பாக்கை மென்றுகொண்டே மாத்திரையைத் திட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நாலாவது கேள்வி: யாருக்கு ஆகாது?

புற்றுநோயைப் பற்றியே பேசிக்கொண்டு, உடனடியாகக் கவனிக்க வேண்டிய ஆபத்தை நாம் விட்டுவிடுகிறோம். அது ரத்தம் உறைந்து கட்டியாவது. காலில் கட்டி, அங்கிருந்து நுரையீரல், அல்லது மூளை. மாத்திரை சாப்பிடாத 10,000 பெண்களில் வருஷத்துக்கு 2 பேருக்கு வரும். மாலா-என் போன்றதைச் சாப்பிட்டால் 5 முதல் 7 பேருக்கு. சில புது ரகங்களில் 9 முதல் 12 வரை போகும்.

உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலின்படி, இந்த மாத்திரையைச் சாப்பிடவே கூடாதவர்கள் உண்டு. முன்பு ரத்தக்கட்டி வந்தவர்கள். ரத்த அழுத்தம் 160-க்கு 100 அல்லது அதற்கு மேல் உள்ளவர்கள். ஒற்றைத் தலைவலிக்கு முன் கண்ணில் மின்னல் கோடுகள் தெரிகிறவர்கள். 35 வயதுக்கு மேல் அதிகமாகப் புகைப்பவர்கள். பிரசவமாகி ஆறு வாரம் ஆகாமல் தாய்ப்பால் கொடுப்பவர்கள். மார்பகப் புற்றுநோய் இப்போது உள்ளவர்கள். ரத்த அழுத்தம் 140-க்கு மேல் இருந்தாலும் சாதாரணமாகத் தவிர்க்கவே சொல்கிறார்கள்.

குடும்பத்தில் யாருக்கோ மார்பகப் புற்றுநோய் இருந்தது என்பது மட்டும் இந்தத் தடைப் பட்டியலில் இல்லை. அப்படிப்பட்டவர்களுக்குக் கட்டுப்பாடே இல்லை என்றுதான் அந்த வழிகாட்டுதல் சொல்கிறது. புனே டாக்டர் முதல் நாளே என் அக்காவைப் பற்றிக் கேட்டு எழுதி வைத்திருந்தார். நான்தான் அதைக் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டேன்.

மருந்தைப் பற்றிய பயமே தீங்கு செய்யும் என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு பாடம் நடந்தது. 1995 அக்டோபரில், சில புது ரக மாத்திரைகளால் ரத்தக்கட்டி அபாயம் இரண்டு மடங்காகிறது என்று அரசின் மருந்துப் பாதுகாப்புக் குழு எச்சரித்தது. ஏழாயிரத்தில் ஒருவர் என்பது ஏழாயிரத்தில் இருவர் ஆகும் என்பதுதான் அதன் பொருள். பத்திரிகைகளில் வந்தது "இரண்டு மடங்கு" மட்டும். ஏராளமான பெண்கள் மாத்திரையை அன்றே நிறுத்திவிட்டார்கள். அடுத்த வருஷத்தில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நடந்தன என்று மதிப்பிட்டார்கள். கர்ப்ப காலத்தில் ரத்தக்கட்டி வரும் அபாயம், அவர்கள் பயந்து விட்ட மாத்திரையால் வருவதைவிட அதிகம்.

தள்ளிப்போடும் மாத்திரை

மாமிகள் கோபித்துக்கொள்ளக் கூடாது. நம் வீடுகளில் சுமங்கலிப் பிரார்த்தனை, கிருஹப்பிரவேசம், காசி யாத்திரை என்றால் விலக்கைத் தள்ளிப்போட ஒரு மாத்திரை வாங்கிச் சாப்பிடும் வழக்கம் உண்டு. அது நோரெத்திஸ்டிரோன். ஆரம்பத்தில் மெக்சிகோ ஆய்வுக்கூடத்தைப் பற்றிச் சொன்னேனே, அதே ஹார்மோன். ஒரு மாத்திரை 5 மில்லிகிராம், தினம் மூன்று வேளை. இவ்வளவு சாப்பிடும்போது உடல் அதில் ஒரு பகுதியை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. கருத்தடை மாத்திரையில் உள்ள அளவுக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். ஆகவே ரத்தக்கட்டியைப் பற்றிய எச்சரிக்கை இதற்கும் பொருந்தும். பிளட் பிரஷர் உள்ள நாற்பத்தைந்து வயது மாமி, இதைச் சாப்பிட்டுவிட்டு ரயிலில் ஒரு நாள் முழுக்க அசையாமல் உட்கார்ந்து காசிக்குப் போவது யோசிக்க வேண்டிய விஷயம்.

என் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். சின்னப் பையன் கல்யாணத்தின்போது இந்த மாத்திரையை மெடிக்கல் ஷாப்பில் வாங்கி வந்தது நான்தான். டாக்டர் சீட்டுக் கிடையாது. பூதக்கண்ணாடியை எடுக்கவில்லை. காகிதத்தைப் படிக்கவில்லை. நமக்குச் சௌகரியமாக இருந்தால் ஹார்மோன் என்பது ஞாபகம் வருவதில்லை. டாக்டர் வியாதிக்கு எழுதிக் கொடுத்தால் மட்டும் வருகிறது.

விசேஷத்துக்காகத் தள்ளிப்போட நினைப்பவர்கள் டாக்டரைக் கேட்டுச் செய்யுங்கள். கேட்க வெட்கமாக இருந்தால் தள்ளிப்போடாமல் விட்டுவிடுங்கள். தெய்வம் கோபித்துக்கொள்ளாது என்பது என் சொந்த அபிப்பிராயம். சாஸ்திரம் தெரிந்தவர்கள் மன்னிக்கவும்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சிக் கழகம் கண்டுபிடித்த சஹேலி, வாரம் ஒரு முறை சாப்பிடும் மாத்திரை. முதல் மூன்று மாதம் மட்டும் வாரம் இரண்டு முறை. அரசுத் திட்டத்தில் 2016 முதல் சாயா என்ற பெயரில் கொடுக்கிறார்கள். அதில் இருப்பது ஈஸ்ட்ரோஜனும் இல்லை, புரோஜெஸ்டோஜனும் இல்லை. நான் சொன்ன எண்கள் எதுவும் அதற்குச் சேராது.

முடிவாக

யாரும் மாத்திரை சாப்பிட வேண்டும் என்றோ, கூடாது என்றோ நான் சொல்ல வரவில்லை. அது அந்தப் பெண்ணும் டாக்டரும் பேசி முடிவு செய்ய வேண்டியது. பெரியவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். வீட்டில் ஒரு பெண் குழந்தை டாக்டர் சொல்லி மருந்து சாப்பிட்டால், "நிறுத்து" என்று சொல்வதற்கு முன், "என்ன வியாதி, டாக்டர் என்ன சொன்னார், நான் ஒரு முறை கூட வரட்டுமா?" என்று கேளுங்கள். சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் கேளுங்கள். கேட்கும்போது சதவீதத்தோடு நிறுத்தாமல், ஆயிரம் பேரில் எத்தனை பேர் என்று கேளுங்கள். நம் வார்த்தைக்கு இன்னும் வீட்டில் மதிப்பு இருக்கிறது. சொன்னால் குழந்தைகள் கேட்டுவிடுகிறார்கள். அதனால்தான் பயமாக இருக்கிறது.

பெண் குழந்தைகளுக்கும் ஒரு வார்த்தை. தாத்தா சொன்னார், பாட்டி சொன்னாள் என்று பாதியில் நிறுத்தாதீர்கள். நிறுத்துவதானால் எழுதிக் கொடுத்த டாக்டரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். மாத்திரை சாப்பிடும்போது ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ வந்தாலோ, இதுவரை இல்லாத தலைவலி வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

என் பேத்தி ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, டாக்டர் சொன்னபடி மறுபடி மாத்திரை தொடங்கினாள். இரண்டு வருஷம் சாப்பிட்டாள். உடற்பயிற்சி செய்து எடையைக் குறைத்தாள். பிறகு டாக்டரே நிறுத்திப் பார்க்கலாம் என்றார். இப்போது பெங்களூரில் வேலையில் இருக்கிறாள். அன்றைக்கு ஏன் பொய் சொன்னாய் என்று ஒரு நாள் கேட்டேன். "உங்க முகம் அப்படி இருந்தது தாத்தா" என்றாள். அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.

கேள்வி கேட்க விரும்புகிற மாமிகள் கேட்கலாம். எல்லோர் முன்னும் கேட்கத் தயக்கமாக இருந்தால், மகளிர் பிரிவின் கூட்டத்துக்கு ஒரு லேடி டாக்டரை அழைக்கும்படி செயலாளரைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவரிடம் கேளுங்கள். அவர் சொல்வது என்னைவிடச் சரியாக இருக்கும்.